மரி கலாந்த் பார்த்த ஜன்னல்

வியேய்காஸ், டொமினிக்கா
வியாழக்கிழமை காலை

என் அக்கா மகள் இஸ்மேக்கு, தாய்மாமன் ஹிலாரியன் எழுதிக்கொள்வது. நீயும் உன் புருஷன் ரோலானும் குழந்தை லுசெத்தும் சுகமாயிருக்க வேண்டும்.

நடந்ததையெல்லாம் நான் முன்பே சொன்னவன். உன் அம்மா இந்த வருஷம் மழை பிடிப்பதற்குள் போய்விடுவாள் என்று ஈஸ்டர் அன்றே கோவில் வாசலில் வைத்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைதான் விழுவாள் என்றும் சொன்னேன்; கிழமையை மட்டும் மனதுக்குள் சொன்னதால் அதற்குச் சாட்சி இல்லை. ரேடியோவில் சாவு அறிவிப்பைக் கேட்டு நீ அழுவாய் என்றேன், அழுதுவிட்டு வராமல் இருந்துவிடுவாய் என்றும் சொன்னேன். முதல் பாதி பலித்ததா என்று நீதான் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதி இந்த நிமிஷம் வரை பலித்துக்கொண்டிருக்கிறது. என் ஆயுசில் ஒரே ஒரு தடவை என் வாக்கு பொய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், மகளே. சனிக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம். அதற்குள் வந்து என்னைப் பொய்யனாக்கு.

டொராண்டோவிலிருந்து உன் அண்ணன்கள் இருவரும் வந்துவிட்டார்கள். மூன்று விமானம் மாறி, ஒருவனுடைய பெட்டி தொலைந்து, அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறான். இருபது மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மரி கலாந்த் தீவில் இருக்கிற நீ மட்டும் வரவில்லை. வானம் தெளிந்தால் உன் ஊர் வீட்டுக் கூரைகளை நான் எண்ணிவிடுவேன், என் கண் அப்படி.

இந்தக் கடிதத்தை நம் வியாபாரி வித்தலின் கொண்டுவருகிறாள். சேம்பங்கிழங்கும் வாழைக்காயும் ஏற்றிய அவளுடைய லாரி பன்னிரண்டரைக்குப் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது, அங்கிருந்து படகில் உன் ஊர். இப்போது பத்து மணி. இதுவரை நான்கு தடவை உட்கார்ந்து நான்கு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை கோழியை விரட்ட, ஒரு தடவை கடலைப் பார்க்க, மற்ற இரண்டும் எதற்கென்று தெரியவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பெருவிரலில் காயம் என்று வைத்துக்கொள். காரணம் பிறகு சொல்கிறேன்.

அவள் விழுந்தது போன வாரம் செவ்வாய், விடிந்த கையோடு, அடுப்பில் கோகோ காய்ச்சிக்கொண்டிருந்தபோது. உன் அண்ணன் கார்வினின் மகள் கிளெனிஸ்தான் ஓடிவந்தாள். அக்காவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோடு வரை ஓடினேன். சரி, நாலு பேர் தூக்கி ரொட்டிக்கடை வண்டியில் ஏற்றினோம், கால் பக்கம் நான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள், பேச்சில்லை. எழுபத்திரண்டு வயதில் இப்படி ஓர் இதயத்தைப் பார்த்ததில்லை என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். வியாழன் மத்தியானம் போய்விட்டாள்.

ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு முந்தைய திங்கட்கிழமை நடந்தது. நன்றாகக் கேட்டுக்கொள். சமையல்கட்டு ஜன்னல் உனக்கு நினைவிருக்கும். மறக்க முடியுமா? அந்தத் திங்கட்கிழமை உன் அம்மா தானாகவே எழுந்து போய், அந்த ஜன்னலில் அடித்திருந்த பலகைகளின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பலகைகளைக் கீழே இறக்கினாள். உன் ஊர் அப்படியே சட்டத்துக்குள் வந்து நின்றது. என் பக்கம் திரும்பி, "போதும் ஹிலாரி, வெளிச்சம் வரட்டும்" என்றாள். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். பாதிரியார் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பலகைகள் அடிக்கப்படக் காரணமான நாளில் நீயும் இருந்தாய். கார்வினும் ரோலானும் போன படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் ரோலானை மட்டும் ஒரு பெட்ரோல் கேனோடு சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்களே, அன்றைக்கு. இரண்டு நாள் பாறை மேல் நின்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை போயிருந்தது. உன்னைப் பார்த்து அந்தக் கீச்சுக் குரலில் சொன்னாள்: "என் புள்ளைய விட்டுட்டு வந்தவனைக் கட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. இவன் தனியா இந்தக் கரையில கால் வைக்கக் கூடாது. கார்வினைக் கூட்டிக்கிட்டு வந்தா ரெண்டு பேரும் உள்ள வாங்க." நீ போனாய். உன்னை நான் குறை சொல்லவில்லை, அப்போதே நீ போவாய் என்று சொன்னவன் நான். நீ போன மறுநாள் காலை அவள் முற்றத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து, அந்தக் கல்லாலேயே ஆணி அடித்து ஜன்னலை மூடினாள். இடியம்மா என்று பேர் எடுத்தவளுக்குச் சுத்தியல் எதற்கு என்று நான் அப்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அவர் மலைத் தோட்டத்தில் சேம்பு தோண்டிக்கொண்டிருந்தார். செவ்வாயன்று தகவல் போய் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வியாழன் சாயங்காலம்தான் வீட்டுக்குத் திரும்பினார், உன் அம்மாவின் செருப்பை ஒரு பையில் எடுத்துக்கொண்டு. சமையல்கட்டில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஜன்னலை யாரு தொறந்தா?"

"அக்காதான் மச்சான். திங்கக்கிழமை. அவளே ஆணியெல்லாம் பிடுங்கினா."

"எதால?"

"உங்க சுத்தியலாலதான். அந்தச் சிவப்புப் பிடி போட்டது."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிளெனிஸ் அடுப்புப் பக்கம் காலிப் பானையை எதற்கோ கிண்டிக்கொண்டிருந்தாள். உன் அப்பா "ம்" என்றார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் இடம் அதுதான்.

ரேடியோ அறிவிப்பை எழுதியது நான். ஊரில் வேறு யாருக்கு அந்தத் திறமை? நான் நான்காம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே, இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டதுதான். ஆனால் அவசரத்தில் ஒரு சின்னப் பிசகு. அரசாங்கக் காகிதம் மாதிரி கம்பீரமாக இருக்கட்டும் என்று ஞானஸ்நானப் பெயரை முழுசாக எழுதினேன்: மரி தெயோஃபிலா யூலாலி லாரோக். 'மா தோனே என்று எல்லோராலும் அறியப்பட்டவர்' என்ற வரியை விட்டுவிட்டேன். மா தோனே, நம் இடியம்மா, என்றால் ஆறு ஊருக்குத் தெரியும். தெயோஃபிலா யார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அறிவிப்பாளர் அந்தப் பெயரைப் படித்ததும் உன் அப்பா தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு, "பாவம், யாரு பெத்த பொண்ணோ" என்றார். "கணவர் அல்தெனோர் லாரோக்" என்று அடுத்த வரி வந்தபோதுதான் திடுக்கிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவர், இஸ்மே. ஒரு நாளும் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. உன் அண்ணன்கள் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள்.

பக்கத்து ஊர்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. குவாதலூப்பில் ஒரு வாரம் வியாபாரம் முடித்துப் படகிறங்கிய வித்தலின் அன்று சாயங்காலம் கூடையோடு வந்து, "ஏம்ப்பா ஹிலாரி, நம்ம ஊர்ல யாரோ தெயோஃபிலாவாமே, செத்துட்டாளாம். மா தோனேகிட்ட கேட்டா யாருன்னு சொல்லுவா, எங்க அவ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். கறுப்புத் துணியைப் பார்த்ததும் கூடையை நழுவ விட்டாள். நீயும் அப்படித்தான் யாரோ என்று ரேடியோவை அணைத்திருப்பாயோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் பட்டியலில் 'மகள் இஸ்மே, மரி கலாந்த்' என்று துணிந்து எழுதியிருந்தேன். ரோலான் பெயரை எழுதத் துணிவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் உன் பெயர் சொல்லாதவர். வசவு விழப்போகிறது என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"இஸ்மே புருஷன் பேரு எங்க? அவ என்ன விதவையா?"

"இல்ல மச்சான், நான் வந்து..."

"பேத்தி பேரு?"

"லுசெத்."

"எழுது. அடுத்த தடவை படிக்கும்போது எல்லாரு பேரும் வரணும். உங்க அக்கா பேரையும் ஒழுங்காப் போடு, முட்டாளே."

திங்கட்கிழமை படித்தார்கள். மா தோனே என்ற பெயர் வந்தது, நீ வந்தாய், ரோலான் வந்தான், லுசெத் வந்தாள். அந்தக் குரல் அறிவிப்பாளருடையது, எழுத்து என்னுடையது. தியோபோவிலிருந்தும் பென்வில்லிலிருந்தும் மறுநாளே வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிட்டார்கள். உன் பக்கமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை படிப்பார்கள்.

அவளைப் பற்றி உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, ஆனால் மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் குரல்! பனி இறங்கினால் படகுக்காரர்கள் விளக்கைத் தேட மாட்டார்கள், அவளைத்தான் தேடுவார்கள். பாறை மேல் நின்று ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு தடவை அவள் "சாப்பிட வாங்கடா" என்று கத்த, மரி கலாந்தில் மூன்று குடும்பம் மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா அவளைக் கட்டியதே அப்படித்தான். திசை தெரியாமல் சுற்றியவர், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்து, ஈரச் சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கத்துனது யாரு?" என்று கேட்டார். "நான்தான், என்ன இப்போ?" என்றாள். அவ்வளவுதான் காதல். உங்களுக்கெல்லாம் அவள் தித்திரிப் பொடிமீனில் வடை தட்டுவாளே, எண்ணி எட்டு உனக்கு, ஆறு கார்வினுக்கு. அவன் கேட்டால், "அவ பொண்ணு, நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ, இப்பவே தின்னட்டும்" என்பாள்.

கார்வின் போன பிறகு அவள் கத்தவே இல்லை. தொண்டை ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது, ஆனாலும் கத்தவில்லை. எட்டு வயது கிளெனிஸைக் கூப்பிட வேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் தோளைத் தொடுவாள். அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி, பாடம் கேட்டு, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து, பத்தொன்பது வயது வரை கொண்டுவந்து தபால் ஆபீசில் உட்கார வைத்தது எல்லாம் சத்தமில்லாமல்தான். சமையல் வேலை முழுக்க ஒரு குட்டை முக்காலியில். அதையும் அந்தப் பலகை அடித்த ஜன்னலுக்கு நேரே போட்டுக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் கிழங்கு சீவுவாள். "ஏன் அக்கா, வாத்தியார் நிக்க வச்ச பொண்ணு மாதிரி சுவரைப் பாத்துக்கிட்டு?" என்று கேட்பேன். "சுவரு உன்னை மாதிரி உளறாது" என்பாள்.

வித்தலின் படகிலிருந்து வந்தால் இங்கே ஒரு கூத்து நடக்கும். உன் அம்மா கிழங்கைச் சீவிக்கொண்டே, "அங்க கருணைக்கிழங்கு என்ன விலை?" என்று கேட்பாள். வித்தலின் விலையைச் சொல்ல மாட்டாள். "முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு" என்பாள். "ம். தக்காளி?" "பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டியில முதல் பரிசு. குரலு யாரைக் கொண்டுருக்குன்னு கேக்கணுமா?" அன்று கத்தி கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. உன் அம்மா லுசெத்தின் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே அவளுடைய ஷூ அளவு வரை தெரிந்து வைத்திருந்தாள்.

கிளெனிஸ் இதை எட்டிப் பார்த்து இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிட்டுப் போகிறாள். அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அத்தைகிட்ட சொல்லுங்க தாத்தா, எங்கப்பாவைக் கொண்டுபோனது கடல். ரோலான் மாமா இல்ல. இதைச் சொல்ல வேண்டியவ நான்தான், நானே சொல்றேன்." இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பெட்டியை வீட்டிலிருந்து கோவில் மேடு வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். ஆறு பேர் வேண்டும். உன் அண்ணன்கள் இருவர், நான், கோவில் மணியடிப்பவர், வித்தலின் மகன். ஐந்து. ஊரில் திடகாத்திரமான ஆண்கள் பலர் கேட்டுப் பார்த்தார்கள். "ஆள் இருக்கு" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். யார் என்று நான் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பதினொன்றே முக்கால். வித்தலின் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டாள். பெருவிரல் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

முற்றத்தில் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்காகப் போட்ட பெஞ்சு ஒன்று காலாடியது. கடிதத்தை விட்டுவிட்டு மூன்றாவது தடவை எழுந்தேனே, அது அதற்குத்தான். தெரியவில்லை என்று எழுதியது பொய். "மச்சான், சுத்தியல் எங்க?" என்று கேட்டேன். உன் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அது கார்வின் படகுல போச்சு ஹிலாரி. பதினோரு வருஷம் ஆச்சு. கல்லை எடுத்து அடி."

கல்லை எடுத்தேன். முதல் அடியே விரலில்.

புரிகிறதா, இஸ்மே? அப்படியானால் போன வியாழக்கிழமையே அவருக்குத் தெரியும். கடலடியில் கிடக்கிற சுத்தியலால் ஒருத்தி ஆணி பிடுங்க முடியாது என்று தெரிந்துகொண்டுதான் "ம்" என்றார். தெரிந்துகொண்டுதான் மறுநாள் உன் புருஷன் பெயர் எங்கே என்று கேட்டார்.

ஜன்னலைத் திறந்தது உன் அம்மா இல்லை. நான். புதன்கிழமை, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மீன் வெட்டும் கத்தியால் நெம்பித் திறந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஆத்திரத்தில் என்னைப் பார்த்து ஒரு கத்தல் கத்துவாள், அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கலாம் என்று ஓர் ஆசை. அவள் வரவில்லை. உன் அப்பா வந்து கேட்டதும் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். 'வெளிச்சம் வரட்டும்' என்றதும் என் வசனம். அவள் உன்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெம்புவதற்கு முன்னால் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தேன். நடுப்பலகையில் ஒரு கணு உதிர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. எனக்கு அது முகவாய் உயரத்துக்கு வந்தது. அக்கா என்னைவிடக் குட்டை. குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன், உன் ஊர் தெரிந்தது. ஓட்டைக்கு மேலே மரம் கறுத்து வழவழவென்று இருக்கிறது, நெற்றி படுகிற இடத்தில்.

இதை நான் புனையவில்லை. என் பேச்சை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், நம்பவும் வேண்டாம். அந்தப் பலகையை எரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரோலானையும் லுசெத்தையும் அழைத்துக்கொண்டு வந்து நீயே பார். கடவுள் உங்களுக்கு அமைதியான கடலைத் தரட்டும்.

உன் வரவுக்குப் பாறை மேல் நின்று கத்தப்போகிற,
தாய்மாமன் ஹிலாரியன்